பீம் கருவிக்கு எந்த விளக்கு? உயிரியல் மேற்பரப்பைப் படம்பிடிக்க வருவோருக்கு

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விளக்குக்கு என்ன வேலை? ‘செம்’ என்று எல்லோரும் அழைக்கும் ஸ்கேனிங் நுண்ணோக்கியில் ஒரு வேலையும் இல்லை. மேலே இருக்கும் துப்பாக்கி எலக்ட்ரான்களை அனுப்பும், கீழே மாதிரி அடி வாங்கும். ஒளியுமிழ் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கதை தலைகீழ். அங்கே துப்பாக்கியே கிடையாது. புற ஊதா ஒளி விழுந்ததும் மாதிரியே எலக்ட்ரான்களை விடும். லென்சுகள் அவற்றைப் பிடித்துப் பெருக்கித் திரையில் படமாக்கும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதைப் ‘பீம்’ என்கிறார்கள். (பீமசேனனுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் மின்னழுத்தத்தைப் பார்த்தால் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.)

ஒளி பட்டால் எலக்ட்ரான் கிளம்பும் என்பதை ஹெர்ட்ஸ் 1887இல் கண்டார். ஏன் என்று 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னார். அப்படிக் கிளம்பிய எலக்ட்ரான்களைக் கொண்டு 1930களிலேயே ஜெர்மனியில் உலோகப் பரப்புகளைப் படம் எடுத்துவிட்டார்கள். உயிரியலுக்குள் இதை இழுத்து வந்தவர், 1970களில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த ஹேய்ஸ் கிரிஃபித். எலக்ட்ரான்கள் மேற்பரப்பின் சில நானோமீட்டர் ஆழத்திலிருந்து மட்டுமே தப்பி வருவதால், செல்லின் தோலை மட்டும் பார்க்க இதைவிடக் கறாரான வழி குறைவு.

செம் பழகிய மாணவர் பீம் பக்கம் வரும்போது மாதிரியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார். விளக்கை ‘நூறு வாட், போதும்’ என்று முடித்துவிடுகிறார். பாதி நாள் வீணாவது அங்கேதான்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு

1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஒரு போட்டானின், அதாவது ஒளித்துகளின், ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். இந்த ஒரு கணக்கைக் கருவியின் மேல் ஒட்டி வைக்கலாம்.

365 நானோமீட்டர்: 3.4. 254 நானோமீட்டர்: 4.88. 222 நானோமீட்டர்: 5.6. 185 நானோமீட்டர்: 6.7. 160 நானோமீட்டர்: 7.75.

எதிர்ப்பக்கம் மாதிரியின் வாசற்படி. எலக்ட்ரான் அதைத் தாண்டினால்தான் வெளியே வரும். வெள்ளிக்கும் குரோமியத்துக்கும் சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட். கண்ணாடியின் மேல் பூசும் ஐ.டி.ஓ. என்னும் கடத்திப் படலத்துக்கும் அதே அளவுதான். சிலிக்கனுக்கு 4.8 வாக்கில். சுத்தமான தங்கத்துக்கு 5.1க்கு மேல், காற்றுப் பட்ட தங்கத்துக்குக் கொஞ்சம் இறங்கும். புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் 5.5க்கும் 7க்கும் இடையே நிற்கின்றன.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 365இல் ஆயிரம் வாட் போட்டாலும் செல்லிலிருந்து ஒரு எலக்ட்ரானும் வராது. 254இல் உலோகம் ஒளிரும், செல் கறுப்பாகவே கிடக்கும். 185க்குப் போனால்தான் செல்லே பேச ஆரம்பிக்கும். வாட் என்பது எத்தனை பேர் வாசலுக்கு வருகிறார்கள் என்ற கணக்கு. ஒவ்வொருவரும் படியேறும் உயரமா என்பதை அலைநீளம்தான் சொல்லும்.

அப்படியானால் ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கே போய்விடலாமே? போகலாம், ஆனால் படம் மங்கும். வாசற்படிக்கு மேல் மிஞ்சும் ஆற்றல் எலக்ட்ரான்களின் வேகத்தைப் பலவாறாகப் பிரித்துவிடும். வேறு வேறு வேகத்தில் வருபவற்றை லென்ஸ் ஒரே புள்ளியில் சேர்க்காது. ஆற்றல் வடிகட்டி இல்லாத கருவியில் வாசற்படிக்குச் சற்றே மேலே நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

எந்த விளக்கு

தொடங்குவதற்கு நூறு வாட் உயர் அழுத்தப் பாதரச வில் விளக்கு. ஒளிரும் புள்ளி கால் மில்லிமீட்டர் அகலம்தான் என்பதால் ஒளியைச் சின்ன இடத்தில் குவிக்க முடியும். ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கி இருக்கும் எந்த ஆய்வகத்திலும் இதன் மின்வழங்கியும் விளக்குக் கூடும் பழையதாகக் கிடைக்க வாய்ப்புண்டு. முதலில் அங்கே கேளுங்கள். ஆயுள் 200 முதல் 300 மணி நேரம். இதில் ஒரு நுணுக்கம்: உயர் அழுத்தத்தில் 253.7 கோட்டைப் பாதரச ஆவியே விழுங்கிவிடும். அந்த இடத்தில் பள்ளமும் இரண்டு பக்கமும் அகலமான மேடுமாகத்தான் நிறமாலை இருக்கும். ஆகவே ‘254 மட்டும்’ என்று குறுகிய வடிகட்டி வாங்கிப் போட்டால் இருப்பதும் போய்விடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒரு சொல்: ‘ஓசோன் உண்டாக்காதது’. கேட்க நல்லதாக இருக்கும். அந்தக் குமிழின் குவார்ட்சில் கலவை சேர்த்து, 240 நானோமீட்டருக்கு அருகிலோ கீழோ உள்ள ஒளியை உள்ளேயே நிறுத்தியிருப்பார்கள். அறைக்கு நல்லது, பீமுக்குக் கெட்டது. செனான் விளக்குகளில் இது மிகவும் சகஜம்.

செல்லின் சொந்த எலக்ட்ரான்கள் வேண்டுமென்றால் டியூட்டீரியம் விளக்கு. வழக்கமானது 30 வாட். சன்னலைப் பார்த்து வாங்குங்கள்: புற ஊதாக் கண்ணாடி 185 வரை விடும், செயற்கை சிலிக்கா 160 வரை, மக்னீசியம் ஃப்ளோரைடு 115 வரை. பெரும்பாலான உயிரியல் வேலைக்கு நடுவில் இருப்பதே போதும். பாதரச வில்லைவிடப் பிரகாசம் குறைவு. படம் ஒன்றுக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டும்.

கிருமிநாசினி விளக்குகள் மலிந்துவிட்டதால் ‘யூ.வி.சி. எல்.ஈ.டி.’ என்று இணையக் கடைகளில் இருபது ரிங்கிட்டுக்குக் கிடைப்பவற்றை வாங்கி முயல்பவர்கள் உண்டு. ஊதா நிறத்தில் பளிச்சென்று எரிந்தால் அது 395 நானோமீட்டராக இருக்கவே வாய்ப்பு அதிகம், 3.1 எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஒன்றும் நடக்காது. உண்மையான 255 நானோமீட்டர் எல்.ஈ.டி. வெள்ளி, குரோமியம் அளவுக்கு வேலை செய்யும். 222 நானோமீட்டர் கிரிப்டான் குளோரைடு விளக்கின் ஆற்றல் ஆசை காட்டும், ஆனால் அதன் ஒளி ஒரு பெரிய குழாய் முழுக்கப் பரவியிருக்கிறது. அதைப் புள்ளியாகக் குவிக்க எந்த லென்சாலும் ஆகாது.

லேசர் கையில் இருந்தால் தொடர்ச்சியாக எரிகிறதா, துடிப்பாக எரிகிறதா என்று கேளுங்கள். நொடிக்குப் பத்து முறை பலமாகத் துடிக்கும் வகை வேண்டாம். ஒரே கணத்தில் கூட்டமாகக் கிளம்பும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளி, கூர்மையைக் கெடுத்துவிடும்.

சிப்பி, எலும்பு, பல் போன்ற கனிமப் பரப்புகளில் எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மேசை விளக்கு எதுவும் உதவாது. கால்சியத்துக்கே 350 எலக்ட்ரான் வோல்ட் சுற்றுவட்டாரத்தில் மென் எக்ஸ்ரே வேண்டும். அதற்கு, எலக்ட்ரான்களை வட்டமாகச் சுழற்றி எக்ஸ்ரே உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் என்னும் பெரிய கருவி. மலேசியாவில் இல்லை, பினாங்கிலிருந்து பக்கத்து நாடான தாய்லாந்தில் நக்கோன் ராச்சசிமாவில் உள்ள சியாம் போட்டான் மையத்தில் பீம் நிலையம் உண்டு. ஆனால் அங்கே அந்த நிலையத்துக்கு எவ்வளவு ஆற்றல் வரை ஒளி வருகிறது என்பதைக் கேட்ட பிறகே மாதிரியைத் தயார் செய்யுங்கள். சார் குவே தியாவ் என்னும் வறுத்த நூடுல்சில் போடும் கெராங் சிப்பியின் ஓடு அராகனைட் என்னும் கால்சியம் கார்பனேட் வகை. பயிற்சி மாதிரிக்கு அருமையானது. அதை ரெசினில் பதித்து மெருகேற்றும்போது வெறும் தண்ணீர் ஊற்றினால் பரப்பு கரையும். சோடியம் கார்பனேட் கரைசல், லிட்டருக்கு 22 கிராம், ஊற்றுங்கள். பிறகு பார்க்கும் இடத்தில் 1 நானோமீட்டர், சுற்றிலும் 40 நானோமீட்டர் பிளாட்டினம் பூசுங்கள்.

விளக்கிலிருந்து மாதிரி வரை

நல்ல விளக்கை வாங்கி வழியில் தொலைப்பதுதான் அதிகம் நடக்கிறது.

வெற்றிடக் கலனின் சன்னல் சாதாரண போரோசிலிக்கேட்டாக இருந்தால் 300 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் உள்ளே போகாது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். புற ஊதாத் தர சிலிக்கா சன்னலா என்று பட்டியல் எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கண்ணாடி ஆடி வைப்பதானால் மக்னீசியம் ஃப்ளோரைடு பூசிய அலுமினியம். வெள்ளி ஆடி ஆழ்ந்த புற ஊதாவில் உதவாது.

அடுத்தது காற்று. 195 நானோமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் ஒளியை விழுங்கும். 185க்குக் கீழே நீராவியும் சேர்ந்துகொள்ளும். பினாங்கில் சன்னலைத் திறந்தால் ஈரப்பதம் 80 சதவீதம் என்பது சாதாரண நாள். எனவே டியூட்டீரியம் வைத்தால் விளக்கிலிருந்து சன்னல் வரை ஒரு குழாய் போட்டு, 99.99 சதவீத நைட்ரஜனை மெல்ல ஓடவிடுங்கள். விளக்கு ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பே திறந்துவிடுவது நல்லது. 150க்குக் கீழே போகும் எண்ணமிருந்தால் விளக்கை நேராகக் கலனின் ஃபிளாஞ்சில் பூட்டுவதே வழி.

இனி குவியம். சிலிக்கா லென்சின் மேல் ‘100 மில்லிமீட்டர்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் மஞ்சள் ஒளிக்கான கணக்கு. மஞ்சளில் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.458, 254இல் 1.505. குவிய தூரம் 91 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். 185இல் சுமார் 80. கண்ணுக்குத் தெரியும் நீல வட்டத்தை அழகாகக் கூர்மையாக்கி நிறுத்தினால், வேலை செய்யும் ஒளி மாதிரிக்கு ஒரு விரலளவு முன்பே குவிந்து, விரிந்து, வீணாகிறது. லென்சை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மாதிரிப் பக்கம் நகர்த்தி, திரையின் பிரகாசத்தைப் பார்த்தே நிறுத்த வேண்டும். கண்ணை நம்பக் கூடாது.

ஒளி மாதிரியின் மேல் சாய்வாகத்தான் விழும். நேர் எதிரே எலக்ட்ரான் லென்ஸ் நிற்கிறது. பரப்பிலிருந்து 20 பாகை சாய்வில் வந்தால் அரை மில்லிமீட்டர் வட்டம் ஒரு பக்கம் ஒன்றரை மில்லிமீட்டராக நீண்டுவிடும். பிரகாசம் மூன்றில் ஒரு பங்கு. அத்துடன் செல்லின் மேடுகள் ஒரு பக்கமாக நிழல் போடும். நிழலை அமைப்பு என்று எழுதிவிடாமல் இருக்க, மாதிரியை 90 பாகை திருப்பி இன்னொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

மாதிரி

செம் பழக்கத்தில் முதலில் கைவிட வேண்டியது தங்கப் பூச்சு. சில நானோமீட்டர் ஆழத்திலிருந்தே தகவல் வருகிறது; பத்து நானோமீட்டர் தங்கம் பூசினால் தங்கத்தைத்தான் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். மாதிரிக்கும் லென்சுக்கும் இடையே 2 மில்லிமீட்டர், நடுவே 20,000 வோல்ட். ஒரு மில்லிமீட்டருக்குப் பத்தாயிரம் வோல்ட் நிற்கும் இடத்தில் இலைத்துண்டு, கொசுக்கால் எதையும் வைக்க முடியாது; முடி ஒன்று நிமிர்ந்து நின்றாலும் அதன் நுனியிலிருந்து பொறி பறக்கும். தட்டில் வளர்த்த செல்கள், பாக்டீரியா, சவ்வு, மெருகேற்றிய ஓடு. இவைதான் சரியான தேர்வு. தாமரை இலையைச் செம்முக்கே விட்டுவிடுங்கள்.

செல்களை ஐ.டி.ஓ. பூசிய கவர்கண்ணாடியிலோ 10 மில்லிமீட்டர் சிலிக்கன் துண்டிலோ வளர்த்து, 2.5 சதவீத குளுட்டரால்டிஹைடில் ஒரு மணி நேரம் வையுங்கள். பஃபரில் மூன்று கழுவல், ஐந்தைந்து நிமிடம். கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு கழுவல். இதை விட்டால் பஃபர் உப்பு ஊசியாகப் படிந்து, மேலே சொன்ன பொறிக்கு வழி வைக்கும். பிறகு எத்தனால் 30, 50, 70, 90 சதவீதம், பத்துப் பத்து நிமிடம். தூய எத்தனாலில் மூன்று முறை. இங்கே நம் ஊர் ஈரம் ஏமாற்றும். திறந்து மூடித் திறந்து மூடி வைத்த ‘தூய’ எத்தனால் போத்தலில் தண்ணீர் ஏறியிருக்கும். 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை மணிகளைப் போட்டு வைத்த போத்தலைக் கடைசிக் கழுவலுக்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள். உலர்த்த, கார்பன் டை ஆக்சைடு நிலைமாறு புள்ளி உலர்த்தி. அது இல்லாவிட்டால் எச்.எம்.டி.எஸ். (ஹெக்சாமெத்தில்டைசிலசேன்) திரவத்தைப் புகையுறிஞ்சிக்குள் ஆவியாக விடலாம். ஏர்கோன் போட்ட குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்ததும் மாதிரிமேல் பனி படியும் என்பதால், உலர்பெட்டியோடு சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

254 விளக்கு மட்டுமே இருக்கிறதா? கவலை வேண்டாம், கறுப்பான செல்லையே பின்புலமாக்கலாம். பார்க்க விரும்பும் புரதத்தில் எதிர்ப்பொருள் வழியாக 5 அல்லது 10 நானோமீட்டர் தங்கத் துகளை ஒட்டி, அதன்மேல் வெள்ளி வளர்த்தால், கறுப்பு வானில் நட்சத்திரம்போல் அந்த இடங்கள் மட்டும் மின்னும். கிரிஃபித் குழு செல்லின் உள் எலும்புக்கூட்டை இப்படித்தான் படம்பிடித்தது. வெள்ளிக் கரைசல் ஊற்றுமுன் உப்பு முழுக்கப் போகும்வரை காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். குளோரைடு மிச்சமிருந்தால் எங்கும் வெள்ளி குளோரைடு படிந்து, நட்சத்திரத்துக்குப் பதில் மூடுபனிதான்.

ஐ.டி.ஓ.வும் 254இல் ஒளிரும் என்பதை மறக்க வேண்டாம். செல் இல்லாத இடம் வெளிச்சமாகவும் செல் இருட்டாகவும் தெரிவது கோளாறல்ல.

முதல் ஓட்டம்

1. உயிரியல் மாதிரியை எடுத்து வைத்துவிட்டு, குரோமியம் அல்லது வெள்ளிப் பட்டைகள் போட்ட சிலிக்கன் துண்டை ஏற்றுங்கள். விளக்கைச் சரிசெய்ய இதுவே அளவுகோல்.

2. அழுத்தம் 10⁻⁷ மில்லிபாருக்குக் கீழே இறங்கும்வரை உயர் மின்னழுத்தத்தைத் தொடாதீர்கள்.

3. விளக்கை ஏற்றி, மறைப்பை மூடியே வைத்து, 20 நிமிடம் சூடாக விடுங்கள். அதற்குள் அணைக்க வேண்டாம். அணைத்தால் குமிழ் முழுக்க ஆறும்வரை மறுபடி ஏற்றவும் வேண்டாம். அவசர அவசரமாக அணைத்து ஏற்றுவதுதான் பாதரச விளக்கின் ஆயுளைத் தின்கிறது. விளக்கு சூடான பிறகு மின்னழுத்தத்தை ஆயிரம் ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுங்கள், ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் நின்று.

4. மறைப்பைத் திறந்து, லென்சை நகர்த்திப் பிரகாசத்தின் உச்சத்தைப் பிடியுங்கள். திருகின் எண்ணை எழுதி வையுங்கள்.

5. ஒரு சாதாரண நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டை ஒளிக்குக் குறுக்கே வையுங்கள். படம் அடியோடு மறைய வேண்டும்.

6. மறைந்தால், உயிரியல் மாதிரியை ஏற்றலாம். படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் மறைப்பைத் திறங்கள். புற ஊதா செல்லையும் மெல்லச் சிதைத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஐந்தாவது படிக்கு ஒரு சல்லிக்காசு செலவில்லை, ஆனால் அது சொல்லும் செய்தி பெரிது. தகட்டை வைத்தும் வெளிச்சம் அப்படியே இருந்தால், அந்த எலக்ட்ரான்கள் ஒளியால் வந்தவை அல்ல; ஏதோ கூர்நுனி மின்புலத்தால் கசிகிறது. மின்னழுத்தத்தை இறக்கி, மாதிரியை வெளியே எடுத்துத் தூசியைத் தேடுங்கள்.

படம் சரியில்லை என்றால்

படமே வரவில்லை, விளக்கோ பிரமாதமாக எரிகிறது: சன்னல், குமிழின் வகை, லென்சின் இடம். இந்த வரிசையில் பாருங்கள். நேற்று நன்றாக இருந்த டியூட்டீரியம் இன்று மங்கல் என்றால் நைட்ரஜன் சிலிண்டரைப் பாருங்கள். சிலிண்டர் நிறைந்திருந்தும் வாரத்துக்கு வாரம் மங்கினால், சன்னலின் வெற்றிடப் பக்கத்தில் பழுப்புப் படலம் சேர்கிறது. கலனுக்குள் மிஞ்சிய எண்ணெய் ஆவியைப் புற ஊதா அங்கேயே சமைத்து ஒட்டவைக்கிறது. பம்ப் எண்ணெயும் மாதிரியை ஒட்டிய பசையும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

மறைப்பைத் திறந்ததும் செல் தெளிவாகத் தெரிந்து, சில நொடிகளில் இருண்டு நகர்ந்தால் அது மின்னேற்றம். எலக்ட்ரான்கள் போன இடத்தை நிரப்ப அடித்தளத்திலிருந்து வந்து சேரவில்லை. செல் தடிமனாக இருக்கலாம். கவர்கண்ணாடியின் ஐ.டி.ஓ. பக்கம் மாதிரிப் பிடியைத் தொடாமலும் இருக்கலாம். கடத்தும் பக்கம் எது என்று மல்ட்டிமீட்டரால் பார்த்து, ஓரத்தில் வெள்ளிப் பசை ஒரு பொட்டு வையுங்கள்.

மாலை நேர இடிமழையில் மின்சாரம் ஒரு கணம் துடித்தாலும் உயர் மின்னழுத்தம் விழும். விளக்கின் மின்வழங்கியையும் கணினியையும் ஒரே யூ.பி.எஸ்.இல் மாட்டாதீர்கள்; வில் விளக்கைப் பற்றவைக்கும் துடிப்பு கணினியை முடக்கக்கூடும். அதனாலேயே விளக்கை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு மற்றவற்றைத் திறப்பது நல்ல பழக்கம்.

கண், மூக்கு, குப்பை

பன்னாட்டு வழிகாட்டு வரம்பின்படி 254 நானோமீட்டரில் கண்ணும் தோலும் ஒரு நாளில் ஏற்கக்கூடியது சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல். சிதறி வரும் ஒளி அதே பரப்புக்கு 0.1 மில்லிவாட் என்றாலே அறுபது நொடியில் அந்தக் கோட்டா முடிந்தது. அப்போது ஒன்றும் தெரியாது. இரவு படுத்த பிறகுதான் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரியும். பாலிகார்பனேட் முகக்கவசம், நீளக் கை, கையுறை. சட்டைக் கைக்கும் கையுறைக்கும் நடுவே மணிக்கட்டில் தெரியும் ஒரு விரற்கடைத் தோலையும் மறந்துவிடாதீர்கள்.

ஓசோன் வாடை வந்தால் விளக்குக் கூட்டின் காற்றை வெளியேற்றும் குழாய் கழன்றிருக்கும். குமிழை வெறுங்கையால் தொட்டால் விரல் எண்ணெய் சூட்டில் குவார்ட்சை வெளிறவைத்து, அந்த இடத்திலிருந்தே வெடிப்பு தொடங்கும். பட்டுவிட்டால் ஏற்றுமுன் எத்தனால் தோய்த்த துணியால் துடையுங்கள். எரியும்போது வெடித்தால் எல்லோரும் வெளியே, ஏர்கோனை அணைத்து, சன்னலைத் திறந்து, அரை மணி நேரம் உள்ளே போகாதீர்கள்.

மணிக்கணக்கு முடிந்த பாதரசக் குமிழைக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளில் பாதரசக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 109 என்ற குறியீடு உண்டு. குமிழைப் பழைய அட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்து, தேதியையும் அந்த எண்ணையும் எழுதி, உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.